இரண்டு பேருக்கான குளிர்

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை. வயதைக் கேட்டால் குறைத்துச் சொல்வார்கள், சம்பளத்தைக் கேட்டால் மழுப்புவார்கள், ஆள் கணக்கை மட்டும் தாராளமாகக் கூட்டிச் சொல்வார்கள். இந்தத் தொழிலில் எனக்குத் தலை நரைத்ததே இந்த ஒரு கேள்வியால்தான்.

நான் ஏசி கம்பெனியில் கணக்குப் போடுகிற இன்ஜினியர். ஒரு வீட்டுக்கோ ஆபீசுக்கோ எவ்வளவு பெரிய மெஷின் வேண்டும் என்று சொல்வது என் வேலை. எந்தச் சுவர் வெயில் வாங்குகிறது, ஜன்னல் எத்தனை, அடுப்பு எங்கே என்பதையெல்லாம் நானே சுற்றிப் பார்த்து எழுதிக்கொள்வேன். ஆள் கணக்கை மட்டும் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தாலே சூடு விடுவான். கூடவே மூச்சிலும் வியர்வையிலும் ஈரம் விடுவான். அந்த ஈரத்தையும் மெஷின்தான் இழுத்து வெளியே தள்ள வேண்டும்.

அன்றைக்குப் போனது ஒரு பல் டாக்டரின் புது வீட்டுக்கு. ஹாலில் நின்றுகொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"பன்னெண்டு பேர்னு போட்டுக்குங்க" என்றார் டாக்டர்.

"யார் யாரு சார்?"

"நாங்க ரெண்டு பேரு. பொண்ணு, மாப்பிள்ளை, அவங்க குழந்தைங்க. என் தம்பி குடும்பம். இவளோட அக்கா..." விரல்களை மடக்கிக்கொண்டே போனார்.

சோபாவின் கோடியில் துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலை நிமிராமல் கேட்டார்: "அவங்கல்லாம் எப்பங்க வந்தாங்க?"

"வருவாங்கல்ல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தொழிலில் என் பெயரே கோபக்காரி என்பதுதான். "சார், வரப்போற ஆளுக்கு மெஷின் போடக்கூடாது. இருக்கிற ஆளுக்குத்தான் போடணும்" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து சார்ட்டை எடுத்து மேஜையில் விரித்தேன்.

சைக்ரோமெட்ரிக் சார்ட் என்று அதற்குப் பெயர். பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் ஒன்றும் பெரிதில்லை. கீழே படுத்திருக்கும் கோடு சூடு. வலப்பக்கம் நிற்கும் கோடு காற்றில் கலந்திருக்கும் தண்ணீர். இடப்பக்கம் வளைந்து மேலே ஏறும் கோடுதான் காற்றின் எல்லை. அதைத் தொட்டுவிட்டால் காற்று அதற்கு மேல் ஒரு சொட்டும் தாங்காது. எந்த அறையின் காற்றாக இருந்தாலும் இந்தப் படத்துக்குள் ஒரு புள்ளிதான். புள்ளி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவனின் கஷ்டம் தெரியும்.

"பெரிய மெஷின் போட்டா ரூம் சட்டுன்னு குளிர்ந்துடும். குளிர்ந்ததும் மெஷின் நின்னுடும். ஆனா காத்துல இருக்கிற தண்ணி அவ்வளவு சீக்கிரம் வெளிய வராது சார். மெஷின் நிதானமா, ரொம்ப நேரம் ஓடணும். ஜில்லுன்னு இருக்கிற டம்ளர் மேல வேர்க்குதுல்ல, அந்த மாதிரி உள்ள இருக்கிற குழாய் மேல தண்ணி கோத்து, சொட்டு சொட்டா வெளிய போகணும். பாதியில நின்னா என்ன ஆகும்? புள்ளி இப்படி இடது பக்கமா மட்டும் நகரும். கீழ இறங்காது. ரூம் குளுகுளுன்னும் இருக்கும், நசநசன்னும் இருக்கும். அப்புறம் பாருங்க, செருப்புல பூஞ்சை, அலமாரியில பூஞ்சை, தலகாணியில வாடை."

டாக்டரின் மனைவிக்கு என் பிரசங்கம் பிடித்துப்போயிருக்க வேண்டும். மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாகக் கேட்டார்: "உங்க வீட்ல எப்படிம்மா? கணக்கா போட்டிருப்பீங்க."

"எங்க வீடு பழசுங்க" என்று சொல்லிவிட்டு சார்ட்டைச் சுருட்டினேன்.

*

என் வீட்டு அலமாரியைத் திறந்தால் முதலில் வாடை வரும், பிறகுதான் சட்டைகள் தெரியும். என் கணவரின் சட்டைகள். காலர் ஓரங்களில் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. அவருடைய தோல் செருப்பு பச்சையாகிவிட்டது. அவர் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்தவர். அவர் வைத்துவிட்டுப் போன தடித்த காகிதங்களெல்லாம் அலைஅலையாக நெளிந்து, ஓரத்தில் பழுப்புப் புள்ளி விழுந்து கிடந்தன.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு பெரிய மெஷின். அதிலிருந்து தகரக் குழாய்கள் கூரைக்குள் ஓடி எல்லா அறைகளுக்கும் காற்றைக் கொண்டுபோகும். நான்தான் கணக்குப் போட்டேன். அப்போது வீட்டில் ஆறு பேர். மாமனார், மாமியார், நாங்கள் இரண்டு பேர், பையன், பெண். அத்தனை பேரும் ஹாலில் உட்கார்ந்து சண்டை போட்டாலும் வேர்க்காது. அப்படிக் கச்சிதமாகப் போட்ட கணக்கு.

பிறகு மாமியார் போனார், அவர் போன சோகத்திலேயே மாமனாரும் போனார். பையன் வேலை கிடைத்துத் தூரத்து ஊருக்குப் போனான், அங்கேயே கல்யாணம், குழந்தைகள். பெண்ணும் கட்டிக்கொண்டு போனாள். ஆறு இரண்டாயிற்று. மெஷின் மட்டும் அப்படியே இருந்தது. போட்ட வேகத்தில் வீட்டைக் குளிர வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று படுத்துவிடும்.

என் கணவருக்கு இழுப்பு ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். முதலில் சளி என்றார்கள், பிறகு தூசி என்றார்கள், கடைசியில் ஒரு நெஞ்சு டாக்டர், வீட்டில் ஈரமா என்று கேட்டார். பையன் வந்து ஒரு மாதம் வைத்திருந்து அனுப்புகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனான். அந்த ஊர் காய்ந்த ஊர், உயரத்தில் இருக்கிற ஊர். போன இடத்தில் மூச்சு சீராகிவிட்டது. மாதம் வருடமாயிற்று.

நானும் அங்கேயே போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஊரில் யாரும் ஏசியே போடுவதில்லை. நான் அங்கே போய் என்ன செய்ய, ஜன்னலைத் திறந்து திறந்து மூடவா? எனக்கு வேலை வேண்டும். அதைவிட, எனக்கு என் வீடு வேண்டும். அதில் அவர் வேண்டும்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற நான் என் வீட்டு ஈரத்துக்குச் சுவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிளம்பரைக் கூப்பிட்டேன். பெயிண்டரைக் கூப்பிட்டேன். கொத்தனார் வந்து சுவர் முழுக்கத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "சுவர் கல்லு மாதிரி இருக்கும்மா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. வேலை தெரியாத ஆள் என்று மனதுக்குள் திட்டினேன். எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். சின்ன மெஷின் போட்டால் தீர்ந்தது. ஆனால் சின்ன மெஷின் போட வேண்டுமானால் பையன் அறைக்கும் பெண் அறைக்கும் போகிற குழாய்களை அடைக்க வேண்டும். ஆறு என்று என் கையால் போட்ட இடத்தில் இரண்டு என்று போட வேண்டும். அதற்குத்தான் எனக்குக் கை வரவில்லை.

பல் டாக்டர் வீட்டிலிருந்து திரும்பிய சாயங்காலம் என் கணவர் போன் செய்தார்.

"சாப்டியா?"

"இனிமேதான். மூச்சு எப்படி இருக்கு?"

"அது நல்லாத்தான் இருக்கு. இங்க பாரு, பையன் மாடியில எனக்குன்னு ஒரு ரூம் கட்டறேங்கறான். மழை விட்டதும் ஆரம்பிக்கணுமாம். நான் ஒரு பதில் சொல்லணும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன்னைக் கேட்டுச் சொல்றேன்னேன். வீடு காஞ்சா நான் வந்துடறேன்மா. இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா காலையில எல்லாரும் கிளம்பிப் போயிட்டா சுவரையும் என்னையும் தவிர யாருமில்ல. உன் திட்டு கேக்காம காது அடைச்சுப் போச்சு. காயாதுன்னா அதையும் சொல்லிடு. மூச்சோட விளையாட முடியாதுல்ல."

போனை வைத்த பிறகு நான் சாப்பிடவில்லை. கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டு ஹால் நடுவில் நின்றேன். கிலுகிலுப்பை என்று அவர் வைத்த பெயர். ஒரு சட்டத்தில் இரண்டு வெப்பமானிகள். ஒன்று சும்மா இருக்கும், இன்னொன்றின் நுனியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். கைப்பிடியைப் பிடித்துக் கிறுகிறுவென்று சுற்றினால் ஈரத்துணி காயக் காய அந்த வெப்பமானி இறங்கும். காற்று காய்ந்திருந்தால் நன்றாக இறங்கும். ஈரமாக இருந்தால் இறங்க மனமில்லாமல் மேலேயே நிற்கும். இரண்டின் அளவும் தெரிந்தால் புள்ளி வைத்துவிடலாம். என் வீட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நின்றன. புள்ளியை வைத்துப் பார்த்தேன். வளைவுக்கோட்டின் மேல் சாய்ந்து கிடந்தது, நடக்க முடியாதவன் சுவரில் சாய்ந்த மாதிரி.

வரப்போற ஆளுக்கு மெஷின் போடக்கூடாது என்று அந்த டாக்டரிடம் எவ்வளவு அதட்டலாகச் சொன்னேன். உட்கார்ந்து புதுத் தாளில் என் வீட்டுக் கணக்கைப் போட்டேன். சுவர், ஜன்னல், அடுப்பு. ஆட்கள்: 2. எழுதிவிட்டு அழுதேன். எழுதியதை அழிக்கவில்லை.

*

மெஷினை மாற்ற எங்கள் கம்பெனித் தகரக்காரர்தான் வந்தார். குழாய் மடிப்பதில் இருந்து மூடுவது வரை எல்லாம் அவர்தான், அதனால் அந்தப் பெயர். ஏணியில் ஏறி என் பெண்ணின் அறைக்குப் போகும் குழாயில் தலையை விட்டுக்கொண்டு கேட்டார்:

"இது பாப்பா ரூம்தானேம்மா? ஒரேயடியா அடைச்சுடவா, இல்ல திறக்கிற மாதிரி தகடு வைக்கவா?"

"திறக்கிற மாதிரி வைங்க."

"அப்ப காத்து கொஞ்சம் கசியும்."

"கசியட்டும்."

பையன் அறைக்கும் அப்படியே. இரண்டு அறைக் கதவுகளையும் சாத்திவிட்டு அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். பழைய மெஷினைப் பிரித்து வண்டியில் ஏற்றியபோது அது இருந்த இடம் பல் பிடுங்கின ஈறு மாதிரி இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

புது மெஷின் வாயில்லாப் பூச்சி. ஓடுகிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் ஓடிக்கொண்டே இருந்தது. பின்பக்கச் சுவரில் அதன் தண்ணீர்க் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கடியில் ஒரு வாளியை வைத்தேன். முதல் நாள் வாளி நிறைந்து வழிந்தது. சுவரிலும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் இத்தனை வருடம் ஊறிக் கிடந்ததெல்லாம் சொட்டுச் சொட்டாக வெளியே வந்தது. குழந்தை முதல் அடி வைப்பதைப் பார்க்கிற மாதிரி நான் பின்பக்கம் போய்ப் போய்ப் பார்த்தேன். அலமாரி வாடை போயிற்று. அவர் சட்டைகளையெல்லாம் வெந்நீரில் போட்டுத் துவைத்தேன். புள்ளி வளைவுக்கோட்டை விட்டு இறங்கி, நகர்ந்து, ஒரு நாள் சார்ட்டின் நடுவில் வந்து நின்றது. அவ்வளவு நல்ல புள்ளியை நான் எந்த வாடிக்கையாளருக்கும் கொடுத்ததில்லை. போட்டோ பிடித்து அவருக்கு அனுப்பினேன்.

"செருப்புப் படம் வந்துச்சு" என்றார் போனில். சார்ட் குதிகால் உயர்ந்த செருப்பு மாதிரி இருக்கிறது என்பது ஓவிய வாத்தியாரின் பழைய கிண்டல். "புள்ளி நடுவுல நிக்குது. அப்ப பாஸா?"

"பாஸ். கிளம்பி வாங்க."

"நிஜமாவா?" என்று கேட்ட குரலில் இருந்த சந்தோஷம் என்னால் மறக்க முடியாதது. "இரு, இவன்கிட்ட சொல்றேன். வந்து கொஞ்ச நாள் இருந்து பாக்கறேன். மூச்சு சரியா இருந்தா அப்புறம் எதுக்கு ரூமும் கீமும்."

மறுநாள் பையன் பேசினான். "அப்பாவை நான் தனியா அனுப்ப மாட்டேன்மா. நானே கூட வந்து ஒத்துக்குதான்னு பாத்துட்டு விட்டுட்டு வரேன். பசங்களுக்கும் லீவு. எல்லாருமே வரோம்." அவன் சொல்லி அவன் தங்கைக்குத் தெரிந்து, அவளும் கைக்குழந்தையோடும் மாப்பிள்ளையோடும் புறப்படுவதாகச் சொன்னாள். என்னையும் சேர்த்து ஒன்பது பேர்.

கணக்கு எனக்குத் தெரியாதா? அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு பேருக்குப் போட்ட மெஷின், மழைக்காலம், ஒன்பது பேர். எந்த அம்மா, மெஷின் சின்னது, வராதீங்க என்று சொல்வாள்? "வாங்க வாங்க" என்றேன். வாய் காது வரைக்கும் போயிருந்தது.

*

வந்தார்கள். வாசல் முழுக்கச் செருப்பு. குளியலறைக் கதவு மூடிய பாடில்லை, ஒருவர் வெளியே வந்தால் அடுத்தவர் உள்ளே. அடுப்பு அணையவில்லை. வெளியே மழை, அதனால் குழந்தைத் துணியெல்லாம் ஹாலில் கொடி கட்டிக் காய்ந்தது. பேரன்கள் மழையில் ஓடுவதும் நனைந்து உள்ளே வருவதுமாகக் கதவைத் திறந்து போட்டார்கள். நான் ஸ்டூல் போட்டு ஏறி, தகரக்காரர் வைத்த தகடுகளைத் திறந்துவிட்டேன். இருந்த கொஞ்சம் காற்றும் நாலு அறைக்குப் பங்காகி எங்கேயும் போதாமல் போயிற்று. மெஷின் பாவம், மூச்சு விடாமல் ஓடியது.

"அம்மா, ஊருக்கெல்லாம் ஏசி போடற, உன் வீட்ல வேர்க்குது!" என்று என் பெண் முந்தானையால் விசிறிக்கொண்டே கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, துவைத்த சட்டையின் காலரைத் தடவிப் பார்த்தார். "பூஞ்சை போச்சே" என்றார். பிறகு காகிதத்தை எடுத்து எல்லாரையும் வரைய ஆரம்பித்தார். இந்த முறை காகிதம் நெளியவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இவங்க போகட்டும், நம்ம ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம்" என்றார்.

பெரிய பேரன் கிலுகிலுப்பையைக் கண்டுபிடித்துச் சுற்றிக்கொண்டு வீடெல்லாம் ஓடினான். அவன் கையைப் பிடித்து நிறுத்தி அளவைப் பார்த்தேன். மனதிலேயே புள்ளி வைத்தேன். வலப்பக்கமும் மேலேயும் போய் சார்ட்டின் மோசமான மூலையில் நின்றது. வாடிக்கையாளர் வீட்டில் இப்படி ஒரு புள்ளி விழுந்திருந்தால் கம்பெனி என்னைத் தலை முழுகியிருக்கும். எனக்கு அந்தப் புள்ளியைப் பிடித்திருந்தது. இத்தனை வருடம் நான் ஆறு பேர் மெஷினை ஓட்டிக்கொண்டு காத்திருந்தது இந்தப் புள்ளிக்குத்தான்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள். மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு ஹாலில் ஆளுக்கொரு பக்கம் படுத்திருந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்தார். இருமினார். இருமல் நின்ற இடத்தில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது, நெஞ்சுக்குள் யாரோ விசிலடிக்கிற சத்தம். பையன் பாய்ந்து போய் இன்ஹேலரைக் கொண்டுவந்து கொடுத்தான். அவர் உறிஞ்சிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். பேரன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டார்கள்.

பையன் அவர் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தான். "பாத்தியாம்மா. மெஷினை மாத்தியும் இந்த வீடு அப்பாவுக்கு ஒத்துக்கல."

"வீட்டோட ஈரம் இல்லடா இது" என்றேன்.

"பின்ன?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் பெண் தன் குழந்தையைத் தோளில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். மருமகள் ஈரத்துண்டைக் கொடியில் போடப் போனவள் அப்படியே நின்றாள். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. நம்ம எல்லாரோட மூச்சுடா. நம்ம வேர்வை, நம்ம ஈரத்துண்டு. நீங்க எல்லாரும் கிளம்புங்க, அப்பாவை மட்டும் ஒரே ஒரு நாள் விட்டுட்டுப் போங்க, புள்ளி தானா இறங்கும், அவர் இழுப்பும் இறங்கும். மேஜையில் சார்ட் இருந்தது. பென்சில் இருந்தது. கோடு போட்டுக் காட்டியிருக்கலாம்.

முந்தின ராத்திரிச் சாப்பாட்டில்தான் என் பெண், "இனிமே ஒவ்வொரு லீவுக்கும் எல்லாரும் இங்கயே வந்துடலாம்" என்று சொன்னாள். நான் இப்போது வாயைத் திறந்தால் அதோடு முடிந்தது. நல்ல பிள்ளைகள்தான். அதனால்தான் வர மாட்டார்கள். அப்பாவின் மூச்சுக்காக எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வந்தாலும் இரண்டு பேர் வந்து, வாசலிலேயே நின்று, டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி ஒரு விஷயத்தைப் பெற்றவள் வாயால் எப்படிச் சொல்வது?

"மழைக்காலம்டா" என்றேன். "கதவைத் திறந்து திறந்து மூடறோம்ல."

"மழை வருஷா வருஷம் வருமேம்மா" என்றான் பையன். அவன் சொன்னதில் தப்பில்லை.

அவர் சாய்ந்த வாக்கில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ வேற என்னமோ சொல்ல வந்தியே" என்றார் இழுப்புக்கு நடுவில்.

"ஒண்ணுமில்ல. பேசாம படுங்க."

மறுநாள் காலையில் எல்லாரும் புறப்பட்டார்கள். அவருடைய துவைத்த சட்டைகளை நானே மடித்துப் பெட்டியில் வைத்தேன். படம் வரைந்த காகிதத்தை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். எட்டு முகம் இருந்தது. என் முகம் மட்டும் பாதியில் நின்றிருந்தது, கண் வரைய நேரம் இல்லை போல.

*

கதவைச் சாத்தினதும் மெஷின் சத்தம் கேட்டது. ஆட்கள் போனது தெரியாமல் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு தகடுகளையும் நானே மூடினேன்.

பின்பக்கம் போனால் வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. சொட்டு இல்லை, நூல் மாதிரி ஒழுகியது. எனக்கு உடனே புரிந்தது, புரிந்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் விட்டுப்போன மூச்சு அது. தலையணையிலும் திரைச்சீலையிலும் தங்கியிருந்த வேர்வையும் பேச்சும் சிரிப்பும். காற்று அதையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தது. இப்போது மெஷின் அதை ஒழுங்காக, நான் போட்ட கணக்குப்படி, வீட்டிலிருந்து வெளியேற்றிக்கொண்டிருந்தது. எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல எந்த சார்ட்டிலும் கோடு கிடையாது. அந்தத் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

மெஷினை நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. நிறுத்தினால் ஈரம் அப்படியே இருக்கும். எழுந்துபோய் வேறு வாளி கொண்டுவந்து வைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானத்துக்கெல்லாம் நூல் சொட்டாயிற்று. கிலுகிலுப்பையைச் சுற்றிப் பார்த்தேன். புள்ளி சார்ட்டின் நடுவுக்கே திரும்பி வந்திருந்தது. அவருக்கு அனுப்பின போட்டோவில் இருந்த அதே இடம்.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார்.

"வந்து சேந்துட்டோம். இங்க வந்ததும் மூச்சு சரியாயிடுச்சு."

"நல்லது. இங்கயும் காஞ்சிடுச்சு. புள்ளி நடுவுல வந்துடுச்சு."

வரைகிறவருக்கு ஒரு புள்ளி எங்கிருந்து எங்கே போயிற்று என்பதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

"அன்னிக்கு நீ சொல்ல வந்தது இதுதானா?" என்றார். "எங்க எல்லாராலயும்தான்னு?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பசங்க இனிமே வருவாங்களா?"

"அவங்க வர மாட்டாங்கதான்" என்றார். மூச்சை இழுத்து விட்டார், சுத்தமான மூச்சு. "ஆனா நான் அங்க இருந்திருப்பேனேம்மா."

"அப்ப இப்பவே கிளம்பி வாங்க. மெஷின் உங்களையும் சேத்துத்தான் போட்டிருக்கேன். ரெண்டு ஆள் கணக்கு."

"எப்படிம்மா? கிளம்பறேன்னா இவன் ஏன் எதுக்குன்னு கேப்பான். நீ சொல்லாததை நான் சொல்லவா?"

போனில் அவருக்குப் பின்னால் யாரோ தரையில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. அவரே சொன்னார். "இங்க மழை விட்டுடுச்சுன்னு மேஸ்திரியைக் கூட்டிட்டு வந்துட்டான். மேல அளவு எடுக்கறாங்க. எனக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வேணும்னு கேக்கறான். எந்தப் பக்கம் வைக்கச் சொல்லட்டும்?"

"கிழக்குல வைக்கச் சொல்லுங்க" என்றேன். "மேற்குல வெச்சா சாயங்காலம் வெயில் உள்ள வரும்."

போனை வைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்றது. இரண்டு பேருக்குப் போட்ட மெஷின் ஒரு ஆளுக்குப் பெரிது. அது சீக்கிரம் சீக்கிரம் நின்றுவிடும், இந்த வீட்டில் மறுபடியும் ஈரம் கட்டும்.